வலது பக்கம் திரும்பாத ஸ்டீரிங் குறித்துக் கொழுந்தனாருக்கு

வலங்கைமான் பக்கம்,
ஆனி மாதம், செவ்வாய்க்கிழமை.

மரியாதைக்குரிய கொழுந்தனார் இளையபெருமாள் தம்பிக்கு,

உங்கள் அண்ணி அகிலாண்டம் எழுதிக்கொண்டது. தஞ்சாவூரில் நீங்களும் உங்கள் வீட்டம்மாவும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதுவதுதான் முறை. அதை வெள்ளிக்கிழமை கழித்து எழுதுகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் இந்த வீட்டில் யாருக்கு என்ன ஆகும் என்று எனக்கே தெரியாது. அதற்குக் காரணம் நீங்கள் பரிசு என்று கொண்டுவந்து நிறுத்திய அந்த ரெண்டு சீட்டுச் சிவப்புக் கார்.

போனிலேயே சொல்லலாமே என்று நினைப்பீர்கள். போன் செய்தால் உங்கள் வீட்டம்மா எடுத்து, "அவங்க தூங்குறாங்கக்கா" என்கிறாள். காலையில் கூப்பிட்டாலும் தூக்கம், சாயங்காலம் கூப்பிட்டாலும் தூக்கம். ஒரு மனுஷன் இவ்வளவு தூங்கினால் டாக்டரிடம் காட்ட வேண்டாமா? ஒரே ஒரு தடவை நீங்களே எடுத்தீர்கள். "கிரீஸ் வைக்காதீங்க அண்ணி, ஆயில்தான் ஊத்தணும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். எங்கே ஊற்றுவது, எந்த ஆயில், ஒன்றும் சொல்லவில்லை. கடலெண்ணெயா விளக்கெண்ணெயா, நான் என்னத்தைக் கண்டேன்? அதனால் ஐந்தாம் வகுப்பில் விட்ட பேனாவை மறுபடி எடுத்திருக்கிறேன். காலை முதல் பஸ் கண்டக்டர் நம்ம ஊர்க்காரர், உங்கள் கையிலேயே கொடுத்துவிடுவார். தூங்குகிறேன் என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள், எழுப்பிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

விஷயம் இதுதான். உங்கள் அண்ணன் மகன் தியாகராசனுக்கு வருகிற வெள்ளிக்கிழமை திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். சொந்தக்காரர்கள் எல்லோரும் வேனில் வருகிறார்கள். மாப்பிள்ளையும் பொண்ணும் மட்டும், அதாவது அவனும் என் மருமகள் அனுராதாவும், நீங்கள் கொடுத்த கூரையில்லாத காரில் கும்பகோணம், மாயவரம் வழியாகக் கோயில் வாசல் வரைக்கும் போகப் போகிறார்களாம். ஊர் பூரா சொல்லி வைத்துவிட்டான். அந்தக் காரின் ஸ்டீரிங் இடது பக்கம் திரும்புகிறது, வலது பக்கம் திரும்ப மாட்டேன் என்கிறது. திருக்கடையூர் போகிற வரைக்கும் வலது பக்க வளைவே இல்லாத ஒரு பாதை உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள், நான் இந்தக் கடிதத்தை இங்கேயே நிறுத்திவிடுகிறேன்.

அந்தக் காரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்க வேண்டாம். நாகப்பட்டினத்தில் கப்பல் கம்பெனியில் இருந்த வெள்ளைக்காரர் ஊருக்குப் போகும்போது மாமா, உங்கள் அப்பா, அதை வாங்கினார். அறுபத்தாறாம் வருஷம், ஐப்பசி அடைமழை. தியாகராசனை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் அம்மா வீட்டிலிருந்து வந்து மெயின் ரோட்டில் பஸ் இறங்கி நடந்து வருகிறேன். நீங்கள் எதிரே அதே காரில் வந்து, பள்ளத்துத் தண்ணீரைப் பூராவும் என் அரக்குப் புடவை மேல் அடித்துவிட்டு, "சேத்துல நட்ட நாத்து மாதிரி இருக்கீங்க அண்ணி" என்று சிரித்தீர்கள். பக்கத்து சீட்டில் ஒரு மாங்காய் மூட்டை உட்கார்ந்திருந்தது. மூட்டையை இறக்கிவிட்டு, கைக்குழந்தைக்காரியை ஏற்றிக்கொள்ள உங்களுக்குத் தோன்றவில்லை. அதை நான் மறந்துவிட்டேன் என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். மறக்கவில்லை. புடவை இன்னும் இருக்கிறது.

சரி, அது கிடக்கட்டும். சித்திரையில் நீங்களே காரை ஓட்டிக்கொண்டு வந்தீர்கள். "தியாகு, எஞ்சின் குதிரை மாதிரி இருக்கு. ஸ்டீரிங்க மட்டும் பாத்துக்க. வருஷா வருஷம் எண்ணெ காட்டணும்" என்று சொன்னீர்கள், வடை சாப்பிட்டீர்கள், பஸ் ஏறிப் போய்விட்டீர்கள். எண்ணெய் காட்டுவது என்றால் என்ன, கற்பூரம் காட்டுவது மாதிரியா? அவன் நம்ம வயல்களுக்கு உழவு ஓட்டுகிற காத்தானைக் கூப்பிட்டான். காத்தான் சொந்தமாக டிராக்டர் வைத்திருக்கிறவர், கைராசிக்காரர், ஆனால் அவருக்குத் தெரிந்தது சேற்றுழவு டிராக்டர். அது முழங்கால் சேற்றில் இறங்குகிற வண்டி, மூட்டுக்குள் தண்ணீர் போகாமல் இருக்க கிரீஸ் கன்னை வைத்துப் பழைய கிரீஸ் வெளியே பிதுங்குகிற வரைக்கும் அடிப்பார்கள். நம்ம பக்கத்தில் வண்டிப் பராமரிப்பு என்றாலே அதுதான். அதே மாதிரி இந்தக் காருக்கும் அடித்தார். முன்சக்கரம் ரெண்டுக்கும் அடியில் பித்தளையில் ஒரு மூட்டு இருக்கிறதாமே, அதில் ஒரு சின்ன திருகு, அதைக் கழற்றிவிட்டு அங்கேயும் கிரீஸ் ஏற்றுகிற நிப்பிள் மாட்டி அடித்தார். அடித்துவிட்டு என்னைப் பார்த்து, "பெரியம்மா, இனிமே இந்த வண்டிய வயல்ல எறக்குனாலும் ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போவாது" என்றார்.

"இத எதுக்குய்யா வயல்ல எறக்கணும்?" என்றேன்.

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன் பெரியம்மா."

பேச்சுக்குச் சொன்னதோடு போயிருந்தால் பரவாயில்லை. அன்றைக்குக் காரை எடுத்துக்கொண்டு போன தியாகராசன் திரும்பி வரும்போது சட்டை நனைந்து, முகம் வெளுத்துப் போய் வந்தான். "வலது பக்கம் திருப்ப மாட்டேங்குதும்மா. கல்லு மாதிரி இருக்கு" என்றான். அன்றைக்குத்தான் உங்களுக்குப் போன் செய்தேன், நீங்கள் ஆயில் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வைத்தீர்கள். அப்புறம் முத்துப்பேட்டையிலிருந்து அப்துல் அஜீஸ் என்று ஒரு மெக்கானிக்கை வரவழைத்தோம். படகு எஞ்சினிலிருந்து பழைய ஜீப் வரைக்கும் பார்க்கிறவர். வேலையை விடப் பேச்சு ஜாஸ்தி. காரை ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் படுத்துக்கொண்டே பேசினார். "யாரும்மா இங்க கிரீஸ் வச்சது? இது கிரீஸ் வக்கிற எடமே இல்ல. உள்ள திருகுப் புரி இருக்கு. எண்ணெ தானா எறங்கிப் புரி பூரா போவும். கிரீஸு போவாது, வாசல்லயே அடச்சிக்கிட்டு நிக்கும். உள்ள இரும்பும் பித்தளையும் காஞ்சு போயி ஒண்ண ஒண்ணு கடிக்கும். ஒரு நாளு ஓடிக்கிட்டு இருக்கறப்பவே சக்கரம் மடங்கிக்கும்" என்றார். சக்கரம் மடங்கிக்கொள்ளும் என்பதைப் பல் விளக்குவது மாதிரி சொன்னார், தம்பி.

காத்தான் அங்கேயேதான் நின்றார். "டிராக்டருக்கு கிரீஸ்தான்" என்றார்.

"இது டிராக்டரான்னு நான் கேட்டனா? கார்னு தெரியுதுல்ல?"

"தெரியுது. மூட்டு மூட்டுதான?"

ரெண்டு பேரும் இப்படியே பேசிக்கொண்டிருக்க, நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்துல் அஜீஸ் மூட்டைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப் போட்டார். புரிக்குள் கிரீஸ் எள்ளுருண்டைப் பாகு மாதிரி இறுகிக் கிடந்தது, குச்சியால் நோண்டித்தான் எடுத்தார். துடைத்து, மாட்டி, நல்ல கனமான கியர் ஆயிலை அடியில் கசிகிற வரைக்கும் ஊற்றினார். ஸ்டீரிங் தண்டுக்கும், நடுவில் குறுக்கே போகிற கம்பிக்கும் ரப்பர் உறையை விலக்கி அததற்கு உரியதை வைத்தார். அப்புறம் சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போதே ஒரு விரலால் ஸ்டீரிங்கைச் சுற்றிக் காட்டினார். எண்ணெய்க் கிண்ணத்தில் கரண்டி சுற்றுகிற மாதிரி சுற்றியது. வலதும் போனது, இடதும் போனது. நான் கும்பிட்டுக்கொண்டேன். அனுராதா அப்போதே, "நான் ஒரு தடவ ஓட்டிப் பாக்கட்டுமா?" என்று கேட்டாள். அவள் கும்பகோணத்தில் தலைமையாசிரியை, தினமும் தன் காரைத் தானே ஓட்டிக்கொண்டு போய் வருகிறவள், உங்களுக்குத் தெரியும். இவன், "இது உன் கார் மாதிரி இல்ல அனு. பழைய வண்டி. கை பழகுனவங்கதான் தொடணும்" என்று சொல்லிவிட்டான். அவளும் பேசாமல் இருந்துவிட்டாள். அவள் பேசாமல் இருந்தால் அது நல்லதுக்கு இல்லை என்று இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளோட்டம். நான் போக வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், சாவியை அரிசிக் குதிரில் ஒளித்து வைத்தும் பார்த்தேன், நீங்கள் ரெண்டு சாவி கொடுத்துவிட்டீர்கள். அதனால் காத்தானின் டிராக்டரில் மட்கார்டு மேல் உட்கார்ந்து பின்னாலேயே போனேன். என் வயதில் மட்கார்டில் போகிற நிலைமைக்கு என்னைக் கொண்டுவந்தவர் நீங்கள் என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். குறுவைக்குத் தண்ணீர் விட்டு வாய்க்கால் கரை முட்ட ஓடுகிறது. கார் முன்னால் போகிறது. கூரை இல்லாததால் ரெண்டு தலையும் நன்றாகத் தெரிகிறது. மதகு வந்தது. அங்கே ரோடு வலது பக்கம் வளைகிறது, நீங்களும் அறிவீர்கள். தியாகராசனுடைய தலை வலது பக்கம் சாய்ந்தது. கார் சாயவில்லை. கார் பாட்டுக்கு நேரே வாய்க்காலைப் பார்த்துப் போகிறது. "திருப்புங்க, திருப்புங்க" என்று அனுராதா கத்துகிறாள், "திரும்பலடி" என்று இவன் கத்துகிறான், காத்தான் ஹாரனை அடிக்கிறார், நான் எந்தச் சாமியைக் கூப்பிட்டேன் என்று எனக்கே நினைவில்லை. எனக்கு ஒன்று நினைவில்லை என்று எழுதுகிறேன் தம்பி, அதிலிருந்து தெரிந்துகொள்ளுங்கள். கடைசி நிமிஷத்தில் அனுராதா எட்டி ஸ்டீரிங்கைப் பிடித்து இழுத்தாள். கார் பாதி திரும்பி நின்றது. இடது முன்சக்கரம் வாய்க்கால் மேல் அந்தரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்களெல்லாம் கரையேறி வந்துவிட்டார்கள். டிராக்டரில் கயிறு கட்டி இழுத்தோம். காத்தான் கயிறு கட்டும்போது, "அந்த கிரீஸக் கழுவாம இருந்திருந்தா, உள்ள உழுந்தாக்கூட கவலப்பட வேண்டியதில்ல" என்றார். தியாகராசன் கீழே இறங்கியதும் பொண்டாட்டியிடம் எகிறினான்.

"ஓட்டிக்கிட்டு இருக்கறவன் கைய ஏன் தட்டுன?"

"தட்டாம இருந்திருந்தா இந்நேரம் ரெண்டு பேரும் கெண்டை மீனோட பேசிக்கிட்டு இருப்போம்."

அதோடு ரெண்டு பேருக்கும் பேச்சு நின்றுவிட்டது. அறுபதாம் கல்யாணம் வெள்ளிக்கிழமை, மாப்பிள்ளையும் பொண்ணும் என் வழியாகத்தான் பேசிக்கொள்கிறார்கள். "காபி வேணுமான்னு கேளுங்க அத்தை", "வேண்டான்னு சொல்லும்மா." தோகாவிலிருக்கும் என் பேரன் செந்தில்குமார் வீடியோவில் வந்து, "அப்பாயி, பழைய ஸ்டீரிங்க எடுத்துட்டு பவர் ஸ்டீரிங் போட்டுடச் சொல்லுங்க" என்கிறான். அங்கே வெயில் அதிகம்.

நேற்று அப்துல் அஜீஸை மறுபடி வரவழைத்தோம். தூக்கி வைத்துச் சுற்றினால் பஞ்சு மாதிரி சுற்றுகிறது. கீழே இறக்கித் தியாகராசன் கையில் கொடுத்தால் வலது பக்கம் போக மாட்டேன் என்கிறது. அப்துல் அஜீஸ் ரொம்ப நேரம் தாடையைத் தேய்த்துவிட்டு ஒரு முடிவு சொன்னார். "எண்ணெயில கோளாறு இல்லம்மா. குறுக்குக் கம்பி வளஞ்சிருக்கு. ஜாக்கியில தெரியாது, பாரம் ஏறுனாத்தான் தெரியும். இது எப்பவோ எங்கயோ போயி மோதுன வண்டி. பழைய ஓனரக் கேளுங்க."

அவர் சொன்னவுடனே எனக்கு எல்லாம் வந்துவிட்டது. எண்பத்தொன்று, பங்குனித் திருவிழா. காரில் போன நீங்கள் ராத்திரி வேட்டி கிழிந்து நடந்து வந்தீர்கள். நாய் குறுக்கே வந்தது, பிரேக் போட்டேன், கார் சும்மா நின்றுவிட்டது என்றீர்கள். உங்கள் அண்ணனிடம் செவலை நாய் என்று சொன்னீர்கள். என்னிடம் வெள்ளை நாய் என்று சொன்னீர்கள். ரெண்டையும் கேட்டுக்கொண்டுதான் உங்களுக்குச் சோறு போட்டேன். மறுநாள் ஆற்றுப் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் சிவப்புச் சாயம் ஒட்டியிருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். நாய்க்கு ஏது தம்பி சிவப்புச் சாயம்? மோதினீர்களா இல்லையா? உங்கள் அண்ணன் கேட்கவில்லை, நான் கேட்கிறேன். அன்றைக்கு வளைந்த கம்பியை மூடி மறைத்து, பெயின்ட் அடித்து, ஆசையாசையாக வளர்த்த அண்ணன் மகனுக்குப் பரிசு என்று கொடுக்க உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

இப்போ நிலைமையைச் சொல்றேன், கேட்டுக்குங்க. அவன் யார் சொல்லியும் கேக்கல. "ரோட்டுல போனா எளகிடும்மா" அப்படிங்கறான். மாயவரம் ரோட்டுல நெல் லாரி வருது, பஸ்ஸு வருது, இவன் வண்டி நேராத்தான் போகும்னா எதிர்ல வர்றவனா ஒதுங்குவான்? எனக்கு இருக்கறது ஒரே புள்ள. கோயில்ல ஆயுசு விருத்திக்குப் பண்ற சடங்குக்குப் போற வழியில இப்படி ஒண்ணு ஆயிடுச்சுன்னா நான் எந்த முகத்தோட அந்த சன்னதியில போய் நிக்கறது? கோலம் போடறப்பக்கூட எனக்கு அந்த அந்தரத்துல சுத்துன சக்கரம்தான் தெரியுது. நீங்க சொன்னா அவன் கேப்பான், சின்ன வயசுலேர்ந்து சித்தப்பா சொன்னா அவனுக்கு வேதம். அதனால நாளைக்கு மத்தியானத்துக்குள்ள கிளம்பி வாங்க. அவன் எதிர்ல உக்காந்து மோதுனத ஒத்துக்கிட்டு, வண்டிய எடுத்துக்கிட்டுப் போயிடுங்க. ஓட்டிக்கிட்டுப் போவீங்களோ, கயிறு கட்டி இழுத்துக்கிட்டுப் போவீங்களோ, இடது பக்கமாவே சுத்திச் சுத்தித் தஞ்சாவூர் போய்ச் சேருவீங்களோ, அது உங்க சாமர்த்தியம். வரலேன்னா வெள்ளிக்கிழமை அத்தனை சொந்தக்காரங்க நடுவுல பாலத்துச் சுவரப் பத்தி நான் பேசுவேன்.

உங்கள் வீட்டம்மாவுக்கு என் மனப்பூர்வமான ஆசீர்வாதம். பேரன் பேத்திகள் நன்றாகப் படித்து நீண்ட காலம் வாழட்டும். உங்களுக்கான ஆசீர்வாதத்தை எடுத்து வைத்திருக்கிறேன், வண்டி இந்த வாசலை விட்டுப் போன பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
மனம் நொந்த அண்ணி,
அகிலாண்டம்.

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். நல்லவேளை, கண்டக்டர் கையில் இன்னும் கொடுக்கவில்லை.

சாயங்காலம் ஆசாரி வீட்டிலிருந்து புதுத் தாலி வந்தது. முகூர்த்தத்துக்கு முன்னால் கழுத்தில் வைத்துப் பார்க்கக் கூடாது, அதனால் சரடு எவ்வளவு நீளம் வேண்டும் என்று பார்க்க அனுராதா ஒரு வெறும் நூலை எடுத்துவந்து, பேச்சு இல்லாததால் என்னிடம் சொன்னாள், "கழுத்தச் சுத்தி அளந்து பாக்கச் சொல்லுங்க அத்தை." தியாகராசன் நூலை வாங்கினான். இடது கை அவள் கழுத்துக்குப் பின்னால் போய்விட்டது. வலது கை மார்பு வரைக்கும் வந்து நின்றது. அவனும் முக்குகிறான், பல்லைக் கடிக்கிறான், நெற்றியில் வேர்வை. "நூலு சின்னதா இருக்கும்மா" என்றான். நூல் தரை வரைக்கும் தொங்குகிறது.

அனுராதா ரெண்டு அடி பின்னால் போனாள். பள்ளிக்கூடத்துக் குரலில், "வலது கையத் தூக்குங்க" என்றாள்.

"எதுக்கு?"

"தூக்குங்கன்னேன்."

தூக்கினான். தோள் வரைக்கும்கூட வரவில்லை. "எப்பலேர்ந்து?" என்றாள். "தை அறுவடையிலேர்ந்து. தோள் இறுகிக்கிச்சு. கைய வலது பக்கம் வெளிய கொண்டு போனாலும் இழுக்குது. நெல் மூட்ட தூக்குனதுல வந்த வலின்னு நெனச்சேன்" என்றான். "ஏன் சொல்லல?" "சொன்னா வண்டியத் தொட விட்டிருப்பியா?" அனுராதா அவன் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தாள், போய்க் காரில் உட்கார்ந்தாள், கிளப்பிக்கொண்டு போய்விட்டாள். நான் டிராக்டரைக் கூப்பிட்டேன், காத்தான் வயலில் இருந்தார். வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு மதகையே பார்த்துக்கொண்டு நின்றேன். வலது வளைவில் கார் அப்படியே வழுக்கிக்கொண்டு திரும்பியது. போய், வட்டமடித்து, திரும்பி வந்து நிறுத்தினாள். "வண்டியில ஒரு கோளாறும் இல்ல அத்தை. நின்ன எடத்துல திருப்புனா கொஞ்சம் கனம், ஓட ஆரம்பிச்சா பூ மாதிரி இருக்கு" என்றாள். அப்துல் அஜீஸுக்குப் போன் செய்து சொன்னேன். "நான் அப்பவே நெனச்சேம்மா" என்கிறார்.

ஆகவே மேலே கம்பி வளைந்தது பற்றி எழுதியதெல்லாம் இல்லை என்று வைத்துக்கொள்ளவும். ஆயில் என்று நீங்கள் சொன்னதும் சரிதான். இதை நான் ஒரு தடவைதான் எழுதுவேன். வண்டியை எடுத்துக்கொண்டு போக வர வேண்டாம், கல்யாணத்துக்கு வாங்க. வெள்ளிக்கிழமை அனுராதாதான் ஓட்டுகிறாள், மாப்பிள்ளை மாலையோடு பக்கத்தில் உட்கார்ந்து வருகிறான். ராத்திரியே கும்பகோணத்தில் டாக்டரிடம் காட்டிவிட்டு வந்தார்கள். தோளுக்குத் தினமும் பயிற்சி கொடுக்க வேண்டும், இளகுவதற்கு மாசக்கணக்காகுமாம். மிச்சமிருக்கும் கியர் ஆயிலைத் தடவிப் பார்க்கலாமா என்று காத்தான் கேட்டார், வேண்டாம் என்றுவிட்டேன்.

எனக்கு ஒரு கவலைதான் பாக்கி இருந்தது. வண்டியை அவள் ஓட்டிவிடுவாள், தாலியை இவன்தானே கட்ட வேண்டும், கை எழும்பாதே என்றேன். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, என் மாமனார் முதற்கொண்டு யாருக்கும் தலை குனியாதவள் அனுராதா. அது எனக்கு அவள் மேல் இருக்கிற பழைய வருத்தம். அவள் என்னிடம் சொல்லாமல் நேராக அவனிடமே சொன்னாள், "நான் குனிஞ்சுக்கறேன். நீங்க முடிச்ச மட்டும் ஒழுங்காப் போடுங்க."